ஃபெரராவில் ஒரு திரேக்காணம்

இத்தாலி போய்வந்தவர்களிடம் கேட்டால் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று பெயர் வரும். கொஞ்சம் சாவகாசமாகப் போனவர்கள் மிலனையும் சேர்த்துக்கொள்வார்கள். வெனிஸிலிருந்து போலோன்யா போகும் ரயில் நடுவழியில் ஃபெரராவில் நிற்கும். அங்கே ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். சைக்கிளில் காய்கறி வாங்கப் போகும் பாட்டிகளும் பல்கலைக்கழக மாணவர்களுமாக, செங்கல் நிறத்தில் ஒரு அமைதியான ஊர். 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகும் கூட்டம் அவ்வளவாக இல்லை.

நான் அங்கே போனதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. மேஷ ராசியின் முதல் திரேக்காணத்தை நேரில் பார்க்க வேண்டும்.

ஜாதகம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் திரேக்காணம் புதிதல்ல. ஒரு ராசிக்கு 30 பாகை. அதை மூன்றாகப் பிரித்தால் பத்துப் பத்துப் பாகை. பன்னிரண்டு ராசிக்கு மொத்தம் 36 திரேக்காணம். இந்தப் பத்துப் பாகை ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் உண்டு என்று வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் பிருகத் ஜாதகத்தில் எழுதிவைத்தார். அந்த உருவங்கள் வட இத்தாலியில் ஒரு பிரபுவின் மாளிகைச் சுவரில் நிற்கின்றன என்று எங்கோ படித்ததிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஃபெரராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் கோட்டையிலிருந்து தென்கிழக்காகக் கால் மணி நேரம் நடந்தால் ஸ்கந்தியானா தெரு வரும். அங்கேதான் ஸ்கிஃபனோயா மாளிகை. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தெருவை ஒட்டி நீளமாக ஒரு செங்கல் சுவர், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பளிங்கு வாசல் மட்டும் தனியாகத் தெரியும். மேலே எஸ்தே குடும்பத்தின் சின்னங்கள், அவற்றோடு ஒரு ஒற்றைக்கொம்புக் குதிரை. 1385-இல் அல்பெர்ட்டோ தெஸ்தே, அரண்மனைத் தொல்லைகளிலிருந்து ஒதுங்கி விருந்து கொண்டாட என்று கட்டிய தோட்டவீடு இது. எண்பது ஆண்டு கழித்து, 1465 வாக்கில், அவர் வழிவந்த போர்ஸோ இதன்மேல் ஒரு மாடியை எழுப்பினார். நாம் பார்க்கப் போவது அந்த மாடியில் இருக்கிறது.

போர்ஸோவைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நிக்கோலோ தெஸ்தேவுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளில் ஒருவர். அண்ணன் லியோனெல்லோ இறந்த பிறகு 1450-இல் ஆட்சிக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1452-இல் புனித ரோமப் பேரரசரிடம் மோதெனாவுக்கும் ரெஜ்ஜோவுக்கும் டியூக் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் தலைநகரான ஃபெரராவுக்கு டியூக் ஆக வேண்டுமானால் போப் மனது வைக்க வேண்டும், ஏனென்றால் ஃபெரரா போப்பின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம். அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகளில்தான், 1468-க்கும் 1470-க்கும் இடையில், இந்த மண்டபத்துக்கு ஓவியம் எழுதப்பட்டது. இது தெரிந்தால் சுவரில் ஏன் இத்தனை போர்ஸோ என்பது புரியும்.

சலோனே தெய் மேஸி, அதாவது மாதங்களின் மண்டபம். 24 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், ஏழரை மீட்டர் உயரம். சுவரைச் சுற்றிப் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொரு மாதமும் மேலிருந்து கீழாக மூன்று அடுக்கு. மேலடுக்கில் அந்த மாதத்துக்கு உரிய ரோமானியத் தெய்வம் தேரில் வருகிறது. நடு அடுக்கில், கருநீலப் பின்னணியில், ராசியும் அதன் மூன்று திரேக்காண உருவங்களும். கீழடுக்கில் போர்ஸோவின் அன்றாடம்: வேட்டைக்குக் கிளம்புகிறார், வேட்டையிலிருந்து திரும்புகிறார், நீதி வழங்குகிறார், தூதரை வரவேற்கிறார், கோமாளிக்குக் காசு கொடுக்கிறார். எல்லா மாதத்திலும் அதே சதைப்பிடிப்பான முகம், அதே சிரிப்பு. நம் ஊரில் தலைவர் பிறந்தநாள் வாரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்களே, அந்த வேலைதான். சுண்ணாம்பிலும் தங்கத்திலும் செய்திருக்கிறார்கள்.

நம் கண் பழக்கப்படி இடமிருந்து வலமாகப் பார்க்கக் கூடாது. கிழக்குச் சுவரின் வலது கோடியில் மார்ச். அங்கிருந்து இடப்பக்கமாக ஏப்ரல், மே. அப்படியே வடக்குச் சுவருக்குத் திரும்பினால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. இந்த ஏழு மாதங்கள்தான் நன்றாக மிஞ்சியிருக்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஐந்து மாதங்களில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் போய்விட்டன. ஏன் இவை மட்டும் போயின என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வடக்குச் சுவரை நான் வேகமாகவே கடந்தேன். ஜூலையில் சணல் வேலை செய்யும் ஆட்களும், ஆகஸ்டில் டிராகன்கள் இழுக்கும் சீரீஸ் தேவியின் தேரும் இருக்கின்றன. கை வேறு, தரமும் வேறு என்பது என்னைப் போன்றவளுக்கே தெரிகிறது. செப்டம்பர் மட்டும் விதிவிலக்கு. குரங்குகள் இழுக்கும் வல்கனின் தேர், பக்கத்தில் கொல்லுப்பட்டறை, பாறையும் துணியும் உலோகத் தகடாக முறுக்கிக்கொண்டு நிற்கும் விநோதமான உலகம். அப்போது இளைஞராக இருந்த எர்கோலே தெ ரொபெர்ட்டி வரைந்தது என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். கொஞ்சம் காய்ச்சல் கண்ட கை.

கிழக்குச் சுவருக்கு வந்தால் மூச்சு சீராகிறது. மூன்று மாதமும் பிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸாவின் வேலை. மார்ச்சின் மேலடுக்கில் மினர்வாவின் தேர், அதை இழுப்பவை போர்ஸோவுக்குப் பிடித்த ஒற்றைக்கொம்புக் குதிரைகள். ஒருபக்கம் நீளங்கி போட்ட அறிஞர்கள். மறுபக்கம் பெண்கள் தையலும் நெசவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தறியை நின்று பார்த்தேன். பாவு எப்படி இழுத்துக் கட்டியிருக்கிறது என்பது தெரியும் அளவுக்கு வரைந்திருக்கிறார். கூட்டமாக நிற்கும் மற்றப் பெண்கள் அரட்டையில் இருக்க, வேலை செய்கிறவள் மட்டும் தலை தூக்கவில்லை.

ஏப்ரலில் அன்னங்கள் இழுக்கும் படகில் வீனஸ். அவள் முன்னால் முழு கவசத்தோடு செவ்வாய்க் கடவுள் மண்டியிட்டிருக்கிறார், சங்கிலி பூட்டப்பட்ட நிலையில். கரையில் காதலர்கள், அவர்கள் காலடியெல்லாம் முயல்கள். அதே மாதத்தின் கீழடுக்கில் ஊர்ப் பந்தயம்: குதிரைகள், கழுதைகள், ஓடும் ஆண்கள், ஓடும் பெண்கள். மேல்மாடியில் கம்பளம் விரித்து ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். புனித ஜார்ஜ் பெயரில் நடக்கும் அந்தப் பந்தயம் இன்றும் மே மாதத்தில் நடக்கிறது. சிறுவர், சிறுமியர், கழுதை, குதிரை என்று நான்கு ஓட்டம்.

இப்போது நடு அடுக்கு. மார்ச், மேஷ ராசி. நீலத்தின் நடுவே ஆட்டுக்கடா, அதன் முதுகுக்கு மேலே ஒரு பெண், இருபுறமும் இரண்டு ஆண்கள். இடது பக்கம் நிற்பவர்தான் நான் தேடி வந்தவர். கருத்த நிறம், திடகாத்திரமான உடம்பு, கிழிந்து தொங்கும் வெள்ளைத் துணி. இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் ஒரு கயிறு. முடிச்சிட்டது போக மிச்சம் கீழே தொங்குகிறது, அதன் நுனியைக் கையில் பிடித்திருக்கிறார். மேலே தேர்களும் கீழே பட்டுச்சட்டைப் பிரபுக்களும் நிறைந்த இந்தச் சுவரில், யாரையும் மகிழ்விக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் இவர். என் கணக்கில் அந்த மண்டபத்தின் மிகச் சிறந்த உருவமும் இவர்தான். மற்ற இருவரும் சளைத்தவர்கள் இல்லை. சிவப்பு உடைப் பெண்ணுக்கு உடைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிகிறது. வலப்பக்கத்து இளைஞன் ஒரு கையில் அம்பும் மறு கையில் வளையமுமாக நிற்கிறான்.

படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஜோதிடத்தைத் தொழிலாகச் செய்தவர் இல்லை, ஆனால் ஒரு வாத்தியாரிடம் உட்கார்ந்து பிருகத் ஜாதகம் பாடம் கேட்டவர். உடனே போன் வந்தது.

“யாரும்மா இது, கயிறக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு?”

“மேஷம், முதல் திரேக்காணம் பெரியப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்படின்னா கையில கோடாலி இருக்கணுமேம்மா” என்றார்.

சுலோகத்தைச் சொல்லிப் பொருளும் சொன்னார். இடுப்பில் வெள்ளைத் துணி சுற்றியவன், கறுத்தவன், காக்க வல்லவன் போல் நிற்பவன், பயங்கரமானவன், சிவந்த கண்ணன், ஓங்கிய கோடாலிக்காரன். இரண்டாவது திரேக்காணம்: சிவப்புச் சேலைக்காரி, நகையிலும் சாப்பாட்டிலும் நினைப்பு, குடம் போன்ற வயிறு, குதிரை முகம், தாகம், ஒற்றைக் கால். “ஒத்தக் கால் இருக்கா பாரு” என்றார். இருந்தது.

“இதெல்லாம் எதுக்குப் பெரியப்பா?” என்று கேட்டதற்கு, “பொருள் களவு போயிருச்சுன்னு பிரசனம் கேட்டு வருவாங்கல்ல, திருடன் எப்படி இருப்பான்னு சொல்லத்தான். இப்ப யாரு பார்க்குறா? திரேக்காணம்னா கூடப் பிறந்தவங்களப் பத்திச் சொல்றதோட சரி” என்றார்.

இந்த மூவரும் யார் என்பதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர் ஆபி வார்பர்க். ஹாம்பர்க் நகரத்து வங்கிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பணத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டவர். 1912 அக்டோபரில் ரோமில் நடந்த கலை வரலாற்று மாநாட்டில் ஸ்கிஃபனோயா பற்றி அவர் ஆற்றிய உரை அந்தத் துறையையே கொஞ்சம் திருப்பிவிட்டது. அதுவரை மேலடுக்கையும் கீழடுக்கையும் ரசித்த பண்டிதர்கள் நடு அடுக்கைப் புரியாத புதிர் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஃப்ரான்ஸ் போல் என்ற அறிஞர் 1903-இல் வெளியிட்ட, பழைய வானியல் பற்றிய நூலில், பாக்தாதில் வாழ்ந்த ஒன்பதாம் நூற்றாண்டு ஜோதிடர் அபூ மஃஷரின் ஒரு பகுதி இருந்தது. பாரசீகர் என்ன சொல்கிறார்கள், இந்தியர் என்ன சொல்கிறார்கள், கிரேக்கர் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அடுத்தடுத்து எழுதியிருந்தார் அவர். மேஷத்தின் முதல் பத்துப் பாகைக்கு இந்தியர் சொல்வதாக அங்கே வருபவர்: கறுத்த மனிதர், சிவந்த கண், பெரிய உடம்பு, வெள்ளை உடை, இடையில் கயிறு, கோபத்தோடு நிமிர்ந்து நின்று காவல் காக்கிறார். வார்பர்க்குக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அதாவது கோடாலி ஃபெரரா வருவதற்கு முன்பே தொலைந்துவிட்டது. அபூ மஃஷரிடமே அது இல்லை, பதிலுக்குக் கயிறு வந்து சேர்ந்திருக்கிறது.

வழியைப் பாருங்கள். வானத்தை 36 கூறாக்குவது எகிப்தியப் பழக்கம். அதை எடுத்துக்கொண்ட கிரேக்க ஜோதிடம் இந்தியா வந்தது. வராகமிகிரர் யவனர்களிடம் கற்றதை மறைத்தவர் அல்ல. இங்கே உடுத்திய உடையோடு அந்த உருவங்கள் பாக்தாத் போயின. அங்கிருந்து ஸ்பெயினில் பிறந்த யூத அறிஞர் இப்னு எஸ்ரா வழியாக எபிரேயத்துக்கு, 1273-இல் பிரெஞ்சுக்கு, 1293-இல் பியெத்ரோ தாபானோ கையால் லத்தீனுக்கு. கடைசியில் போர்ஸோவின் அவையில் நூலகமும் வரலாறும் ஜோதிடமும் பார்த்துவந்த பெல்லெக்ரீனோ பிரிஷானி இந்த மண்டபத்துக்கான திட்டத்தைத் தீட்டினார். இந்தக் கறுத்த மனிதரே ஆதியில் கிரேக்க வீரன் பெர்சியூஸ்தான், அவன் அரிவாள்தான் இந்தியாவில் கோடாலியானது என்பது வார்பர்க்கின் வாதம். அந்தக் கடைசிக் கண்ணியை எல்லோரும் ஏற்பதில்லை. எனக்கும் அது கொஞ்சம் இழுத்துக் கட்டியதாகத்தான் படுகிறது. இந்தியா, பாக்தாத் வரைக்குமான வழியில் எனக்குச் சந்தேகமில்லை. ஒற்றைக் கால் தற்செயலாக வருகிற சங்கதி அல்ல.

பெரிய மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை இருக்கிறது. தவற விடாதீர்கள். தொமெனிக்கோ தி பாரிஸ் 1467-இல் சுதைவேலை செய்த கூரை. வண்ணமும் தங்கமும் பூசிய நற்பண்புகள் பெண் வடிவில் சுவரின் மேல்விளிம்பில் வீற்றிருக்கிறார்கள்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, விவேகம், தைரியம், நிதானம். வழக்கமாக ஏழாவதாக வர வேண்டிய நீதியைக் காணோம். விட்டுப்போனதல்ல. அந்த அறையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் போர்ஸோவே நீதி, தனியாக இன்னொரு பொம்மை எதற்கு என்பதுதான் கருத்து.

அந்த நீதிமானுக்குக் கோஸ்ஸா 1470 மார்ச் 25-ஆம் தேதி ஒரு கடிதம் எழுதினார். சதுர அடிக்குப் பத்து போலோன்யினி (அந்தக் கால நாணயம்) என்று எல்லா ஓவியர்களுக்கும் ஒரே கூலி நிர்ணயித்திருந்தார்கள். சுவர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு காசு, யார் கை என்ற கேள்வியே இல்லை. முன்னறைப் பக்கத்து மூன்று மாதங்களையும் நான் ஒருவனே செய்தேன், எனக்கும் கொஞ்சம் பெயர் வர ஆரம்பித்திருக்கிறது, ஓயாமல் கற்றுக்கொண்டே இருக்கிறேன், என்னை ஃபெரராவிலேயே கடைசித்தர எடுபிடிப் பையனோடு சேர்த்து வைத்தால் மனசு வலிக்கிறது என்று முறையிடுகிறார். தங்கமும் நல்ல வண்ணமும் போட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட முழுவதையும் ஈரச்சுவரில் எழுதியிருக்கிறேன், அதன் அருமை எந்தத் தொழிற்காரருக்கும் தெரியும் என்றும் சொல்கிறார். கெஞ்சல் கொஞ்சம், ரோஷம் நிறைய. போர்ஸோவின் பதில் சுருக்கம்: நிர்ணயித்த கூலியில் திருப்தி அடையட்டும்.

கோஸ்ஸா மூட்டை கட்டிக்கொண்டு போலோன்யா போய்விட்டார்.

ஈரச்சுவர் விஷயம் வெறும் பேரம் அல்ல. சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணத்தை ஏற்றிவிட வேண்டும். காயும்போது வண்ணம் சுவரோடு சுவராக இறுகிவிடும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் பூசவே முடியும், தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். காய்ந்த சுவரில் பசை கலந்து எழுதுவது சுலபம், ஆனால் வண்ணம் மேலாகத்தான் ஒட்டியிருக்கும். ஸ்கிஃபனோயாவில் கிழக்கும் வடக்கும் ஈரத்தில் எழுதியவை. மேற்கும் தெற்கும் காய்ந்த சுவரில் எழுதியவை. எது மிஞ்சியது என்று முன்பே சொன்னேன்.

சோதனையும் சாதாரணமாக வரவில்லை. 1598-இல் எஸ்தே குடும்பம் ஃபெரராவைப் போப்பிடம் இழந்து மோதெனாவுக்குப் பெயர்ந்தது. மாளிகை கைமாறிக் கைமாறி, 18-ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தொழிற்சாலையாயிற்று. ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1820-லிருந்து 1840 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தபோது, ஈரச்சுவர் தாங்கியது. மற்றது வெள்ளையோடு சேர்ந்து உதிர்ந்தது. 1898-இல் நகர அருங்காட்சியகமாயிற்று. 2012 மே மாத நிலநடுக்கத்துக்குப் பிறகு மராமத்துக்காக மூடி, பழுதுபார்த்து, புது விளக்குகள் போட்டுத் திறந்திருக்கிறார்கள். மற்ற அறைகளில் பிசானெல்லோவின் பதக்கங்களும் மடத்துப் பாட்டுச் சுவடிகளும் இருக்கின்றன. பதக்கத்தில் லியோனெல்லோவின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பியைவிட அண்ணன் லட்சணம்.

போர்ஸோ கடைசியில் ஆசைப்பட்டதை வாங்கினார். 1471 ஏப்ரலில் ரோமுக்குப் போய் ஃபெரரா டியூக் பட்டம் பெற்றார். ஆகஸ்டில் இறந்துபோனார்.

கோஸ்ஸாவின் கதை இன்னும் விசித்திரம். ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்த வசாரி அவரை இன்னொரு ஃபெரராக்காரரான கோஸ்தாவோடு குழப்பி, வேலையைக் கோஸ்தா கணக்கில் எழுதிவிட்டார். ஸ்கிஃபனோயாச் சுவர்களையும் நெடுங்காலம் கோஸிமோ தூரா வரைந்தவை என்றே சொல்லிவந்தார்கள். 1880-களில் கலை வரலாற்றாளர் அடோல்ஃபோ வெந்தூரி அந்தக் கூலிக் கடிதத்தை வெளியிட்ட பிறகுதான் கிழக்குச் சுவருக்குச் சொந்தக்காரர் தெரிந்தார். டியூக் முதலிலேயே நியாயமான காசு கொடுத்திருந்தால் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை மூடியிருக்கும். ஒரு தொலைநோக்கி எடுத்துப் போங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். நடு அடுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. கோஸ்ஸாவைப் பிடித்துப்போனால் போலோன்யாவில் இறங்கி அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கும் போகலாம். 1474-இல் வணிகர் மன்றத்துக்காக அவர் வரைந்த பெரிய மாதா படம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் ஒரு நீதிபதி மண்டியிட்டிருப்பார், படத்துக்குச் செலவு செய்தவர்களில் ஒருவர்.